"ஒரு நாய்க்குப் போய் இப்படியா?"

போன மாதம் தெருநாய்களுக்குச் சோறு வைக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்குப் பதில் எழுதும்போது, எங்கள் வீட்டு மணி செத்துப்போனதைப் போகிறபோக்கில் இரண்டு வரி சொல்லியிருந்தேன். சோறு வைப்பதைப் பற்றி அப்புறம் யாரும் எழுதவில்லை. வந்ததெல்லாம் செத்துப்போன நாய்களைப் பற்றிய கடிதங்கள்தான், அதிலும் பெரும்பாலானவை தெருவிலிருந்து தூக்கிவந்து வளர்த்த நாய்களைப் பற்றி. வழக்கமாக இந்தப் பக்கத்தில் மாமியார், வீட்டுக்கடன், முடி உதிர்வு எல்லாம் கலந்து கிடக்கும். இந்த முறை இது ஒன்றுதான். கடிதங்களைச் சுருக்கி, எழுதியவர்களின் பெயரை எடுத்துவிட்டேன். நாய்களின் பெயரை மட்டும் அப்படியே விட்டுவைத்திருக்கிறேன்.

கேள்வி: ஒன்பது வருடத்துக்கு முன் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் டூவீலர் ஏறிப் பின்னங்கால் நசுங்கிக் கிடந்த குட்டியை என் கணவர் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். டீக்கடைக்காரர் பாலில் நனைத்துக் கொடுத்த பன்னைத் தின்றதால் பன்னு என்றே பெயர் நின்றுவிட்டது. காலை எடுக்க வேண்டியதாயிற்று, மூன்று காலிலேயே ஓடியாடினாள். போன மாதம் வயதாகி இறந்துவிட்டாள். என் மாமியார் இறந்தபோதுகூட நான் இவ்வளவு அழவில்லை. அதைக் கவனித்த நாத்தனார், "எங்கம்மாவுக்கு அழாதவ, ஒரு நாய்க்குப் போய் இப்படியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள். விடிகாலையில் பன்னு நடக்கும் நகச் சத்தம் வேறு கேட்கிறது. எனக்கு ஏதாவது மனக்கோளாறா? (ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி)

பதில்: கோளாறெல்லாம் இல்லை. முதலில் நாத்தனார் விஷயத்தை முடித்துவிடலாம்.

மாமியார் என்பவரோடு உங்களுக்கு இருபது வருடக் கணக்கு வழக்கு இருந்திருக்கும். பாசம் இருந்திருக்கும், கோபம் இருந்திருக்கும், நகை யாருக்கு, சாவி யார் இடுப்பில் என்பதெல்லாம் இருந்திருக்கும். அப்படிப்பட்டவர் போகும்போது துக்கம் நேராக வெளியே வராது, தொண்டையிலேயே கொஞ்ச நாள் நிற்கும். பன்னுவோடு உங்களுக்கு ஒரு கணக்கும் கிடையாது. வேளைக்குச் சோறு, மாலையில் வாசற்படி, இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில், அவ்வளவுதான் உங்கள் உறவு. அதில் அழுகையைத் தடுத்து நிறுத்த எதுவும் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. மாமியார் இறந்த அன்று பக்கத்து வீட்டிலிருந்து காபி வந்திருக்கும், பெஞ்சு போட்டு ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள், என்ன ஆச்சு, எப்படி ஆச்சு என்று வந்தவர் எல்லாரிடமும் நீங்கள் ஐம்பது தடவை சொல்லியிருப்பீர்கள். அலுப்பாகத்தான் இருந்திருக்கும், ஆனால் அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் பாதித் துக்கம் கரைகிறது. பன்னுவுக்கு யார் வந்தார்கள்? நீங்களும் கணவருமாகப் பின்பக்கம் குழி வெட்டி மூடிவிட்டு, மறுநாள் காலை நீங்கள் வேலைக்குக் கிளம்பிப் போனதாக எழுதியிருக்கிறீர்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்காரரிடம் சொல்லக்கூட முடியாது, சொன்னால் "வேற ஒண்ணு வாங்கிக்கோங்க" என்பார். அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோகா 1989இல் இந்த மாதிரித் துக்கத்துக்கென்று ஒரு பெயரே வைத்தார். நம் பாஷையில் சொன்னால், ஊர் ஒப்புக்கொள்ளாத துக்கம். வலி என்னவோ அதே வலிதான், ஆனால் அதைத் தூக்க நாலு தோள் கிடைக்காது, ஒரே ஆளாகச் சுமக்க வேண்டும்.

நகச் சத்தத்துக்கு வருவோம். நீங்கள் இதற்குத்தான் அதிகம் பயந்திருக்கிறீர்கள் என்று கையெழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது. மூன்று கால் நடைக்கென்று ஒரு தனித் தாளம் உண்டு, டக் டக் என்று இரண்டு, கொஞ்சம் விட்டு ஒன்று. ஒன்பது வருடம் விடிகாலையில் அந்தத் தாளத்துக்குத்தான் உங்கள் காது முழித்திருக்கிறது. ஃபிரிட்ஜ் முனகினாலும், கொடியில் கிளிப் ஆடினாலும், காது அதைப் பன்னுவாக்கி மூளைக்கு அனுப்பும். கணவரை, மனைவியை இழந்தவர்களில் பலருக்கும் இப்படிக் குரலோ காலடியோ கேட்பது உண்டு, தானாகவே மெல்ல மெல்லக் குறைந்துவிடும். ஆனால் வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் இல்லாமல் போனாலோ, வாழ்ந்து என்ன பயன் என்கிற நினைப்பு வந்தாலோ அது வேறு விஷயம். அப்போது நாத்தனார் என்ன சொல்வாள் என்று யோசிக்காமல் டாக்டரைப் பாருங்கள், இல்லையென்றால் 14416 என்ற எண்ணுக்கு, அரசின் டெலி மானஸ் மனநல உதவிக்கு, போன் செய்யுங்கள். தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது. "நாய் செத்ததுக்குப் போன் பண்றேன்" என்று சொல்ல வெட்கப்படவும் வேண்டாம்.

ஒரு நாளைக்கு இரண்டு வேளை என்றால் ஒன்பது வருடத்தில் 6,500 வேளைக்கு மேல் நீங்கள் அந்தத் தட்டில் சோறு போட்டிருக்கிறீர்கள். கை அத்தனை சீக்கிரம் மறக்காது. இப்போதும் குக்கரைத் திறந்ததும் முதல் கரண்டியை எடுத்துத் தனியாக ஆற வைத்துவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, வைத்துவிட்டுப் போங்கள். எங்கள் வீட்டில் மணியின் சங்கிலி கதவுக்குப் பின்னால் குடையோடு சேர்ந்து தொங்குகிறது. வெள்ளையடிக்க வந்தவர் ஒருமுறை கழற்றி வைத்தார், வேலை முடிந்ததும் அவரே திரும்ப மாட்டிவிட்டுப் போனார், நான் ஒன்றும் சொல்லவில்லை.

நாத்தனார் மறுபடி கேட்டால் "உங்கம்மாவுக்கும் சேர்த்துத்தான் அழுதேன்" என்று சொல்லுங்கள். சமாளிப்பு இல்லை, பாதி உண்மையாகவே இருக்கலாம். அன்றைக்குத் தொண்டையில் நின்ற அழுகை இன்னொரு சாவில் கதவைத் திறந்துகொண்டு வரும், இதை நான் நிறையப் பேரிடம் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ஆறு வருடம் முன்பு கம்பெனி கேட்டில் சொறியோடு கிடந்த கருப்புவை எடுத்துவந்தேன். அப்போதே நாலு வயது இருக்கும் என்றார் டாக்டர். இந்த ஏப்ரலில் நிறையத் தண்ணீர் குடித்தான், வெயிலுக்கு என்று நினைத்துவிட்டேன். ஜூனில் சாப்பாட்டை நிறுத்தியபோது ரத்தம் எடுத்தார்கள், கிட்னி போய்விட்டது என்றார்கள். பன்னிரண்டு நாள் டிரிப் ஏற்றியும் பிழைக்கவில்லை. ஏப்ரலிலேயே காட்டியிருந்தால் காப்பாற்றியிருக்கலாமோ என்று தினமும் நினைக்கிறேன். (கோவை வாசகர்)

பதில்: "உங்கள் மேல் தப்பே இல்லை" என்று நான் சொன்னால் நம்பமாட்டீர்கள். அதனால் விஷயத்தையே சொல்கிறேன்.

நாள்பட்ட சிறுநீரக நோயில், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வேலைத்திறன் போன பிறகுதான் நாய் அதிகமாகத் தண்ணீர் குடிப்பதும் அதிகமாகச் சிறுநீர் போவதும் நம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் ஏறுவது அதற்கும் பிறகு, முக்கால்வாசி போனபின். மிச்சமிருக்கிற கால் பங்கை வைத்துக்கொண்டு வாலாட்டிக்கொண்டு நிற்கிற பிராணி அது. போனது திரும்ப வளராது. ஆக ஏப்ரலில் நீங்கள் பார்த்தபோதே கருப்புவுக்குப் பெரும்பகுதி முடிந்திருந்தது. அப்போதே காட்டியிருந்தால், புரதமும் பாஸ்பரசும் குறைந்த சாப்பாடு, மருந்து, அவ்வப்போது டிரிப் என்று கொஞ்சக் காலம் கூடக் கிடைத்திருக்கலாம். சில நாய்கள் அப்படி நன்றாகவே இழுத்துப் பிடிக்கும். குணமாகியிருக்காது. உண்மை அவ்வளவுதான், அதற்கு மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை.

தெருவில் வளர்ந்த உடம்பு என்றால் நமக்குத் தெரியாத கணக்குகள் நிறைய. குட்டியில் குடற்புழு, பட்டினி, சொறி, அப்புறம் உண்ணிக் காய்ச்சல். அது வெளியே தெரியாமல் உடம்பிலேயே வருடக்கணக்கில் தங்கி, ரத்தத்தில் தட்டணுக்களைக் குறைத்து, சில நாய்களில் சிறுநீரகத்தையும் கெடுக்கும். வயதும் அப்படித்தான். டாக்டர்கள் பல் தேய்மானத்தைப் பார்த்து வயதைச் சொல்கிறார்கள். எலும்பையும் கல்லையும் கடித்து வளர்ந்த தெருநாய்க்கு அது உத்தேசக் கணக்குதான். நாலு என்று சொன்னது ஆறாகவும் இருந்திருக்கலாம்.

இத்தனை கடிதங்களையும் படித்தபின் எனக்குப் பட்டது ஒன்று. காசு கொடுத்து வாங்கி வளர்த்தவர்கள் "போய்விட்டான்" என்று எழுதுகிறார்கள். தெருவிலிருந்து எடுத்து வளர்த்தவர்கள் "காப்பாற்ற முடியவில்லை" என்று எழுதுகிறார்கள். ஒருமுறை சாவிடமிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டதால், ஒவ்வொரு முறையும் நம் கையில்தான் இருக்கிறது என்று மனசு எடுத்துக்கொள்கிறது. கேட்டில் சொறியோடு கிடந்த அன்று அவனுக்கு இருந்தது சில வாரம். உங்களோடு இருந்தது ஆறு வருடம். ஜூன் மாதத்துப் பன்னிரண்டு நாளை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு அந்த ஆறு வருடத்தைத் தள்ளுபடி செய்துவிடாதீர்கள்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு: ஏழு வயது தாண்டிய நாய் என்றால் வருடம் ஒருமுறை ரத்தமும் சிறுநீரும் பார்த்துவிடுங்கள். தண்ணீர்ச் சட்டி வழக்கத்தைவிடச் சீக்கிரம் காலியானால் வெயில் என்று விட்டுவிட வேண்டாம்.

கேள்வி: அக்கா, டைகரை மழையில் ரோட்டோரம் எடுத்தேன். அஞ்சு மாசம்தான் இருந்தான். டிஸ்டெம்பர் வந்து வலிப்பு நிற்கவே இல்லை, ஒரு நாளைக்குப் பத்து தடவை. டாக்டர் ஊசி போட்டு அனுப்பிவிடலாம் என்றார், கையெழுத்துப் போட்டது நான். ஊசி போட்டபின் கண் மூடவே இல்லை. இரண்டு நிமிஷம் கழித்து இரண்டு தடவை மூச்சு இழுத்தான். உயிரோடு இருக்கும்போதே புதைத்துவிட்டோமோ என்று தூக்கமே வரவில்லை. அம்மா வேறு பாவம் பண்ணிட்டே என்கிறார். (பூந்தமல்லியிலிருந்து ஒரு தம்பி)

பதில்: தம்பி, இல்லை. அவன் அப்போது உயிரோடு இல்லை. இதை முன்கூட்டியே யாராவது உனக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த ஊசி, ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்கும் மருந்து வகைதான், அளவு மட்டும் மிக அதிகம். நரம்பில் ஏறியதும் சில வினாடிகளில் மூளை உறங்கிவிடும், அப்புறம் மூச்சு நிற்கும், அப்புறம் இதயம். அதன் பிறகும் சில நிமிஷங்களுக்குத் தசைகள் தாமாக ஒருமுறை இரண்டுமுறை இழுக்கும். பார்ப்பதற்கு அச்சு அசலாக மூச்சு மாதிரியே இருக்கும், காலும் துள்ளலாம், சிறுநீர் போகலாம். உள்ளே வலியை உணர்வதற்கு யாரும் கிடையாது. கண் விஷயமும் அப்படித்தான். இமையை மூட தசை வேலை செய்ய வேண்டும், அதனால் செத்த பிராணிகளின் கண் பெரும்பாலும் திறந்தேதான் இருக்கும். சினிமாவில்தான் தானாக மூடிக்கொள்ளும். டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்தார் என்று நீயே எழுதியிருக்கிறாய். அவர் கேட்டது நின்றுபோன இதயத்தை.

டிஸ்டெம்பர் வைரஸைக் கொல்ல மருந்து இல்லை. மூளைக்கு ஏறி வலிப்பு நிற்காமல் வர ஆரம்பித்துவிட்டால் திரும்பி வருவது மிக அபூர்வம். நம் நாட்டுச் சட்டத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. தெருநாய்களுக்கான 2023 கருத்தடை விதிகளே, குணமாக வழியில்லாத நோயில் கிடக்கும் நாயைத் தகுதியுள்ள கால்நடை மருத்துவர் வலியில்லாமல் அனுப்பிவைக்கலாம் என்கின்றன.

டாக்டர் கையைக் கழுவிவிட்டு உடனே அடுத்த நாயைப் பார்க்கப் போய்விட்டார் என்று கோபப்பட்டிருக்கிறாய். கோபம் நியாயம்தான், ஐந்து நிமிஷம் உன்னோடு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் வெளியே பெஞ்சில் இன்னும் யாரோ ஒரு நாயை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்திருப்பார்கள்.

அம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தாரா? வந்ததாக நீ எழுதவில்லை. பத்து வலிப்பையும் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நீ, அவர் பார்த்தது வாலாட்டிய டைகரை மட்டும். அதனால்தான் அந்த வார்த்தை வருகிறது. ஒரு நாள் சாயங்காலம் அவரை உட்கார வைத்து அந்தக் கடைசி நாள் எப்படி இருந்தது என்று முழுசாகச் சொல், வாதாடாமல்.

கேள்வி: ஜிம்மி லாரியில் அடிபட்டு இறந்ததை ஆறு வயது மகனிடம் சொல்ல மனசு வராமல், ஊரில் தாத்தா தோட்டத்துக்குப் போயிருக்கிறது என்று சொல்லிவிட்டோம். இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் தோட்டத்துக்குப் போகலாம் என்று பையை எடுத்துக்கொண்டு நிற்கிறான். (மதுரை வாசகி)

பதில்: இந்தச் சனிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள். "ஜிம்மி செத்துப்போச்சு, லாரி அடிச்சிடுச்சு, இனிமே வராது, இப்ப அதுக்கு வலிக்காது." இவ்வளவு போதும், ரத்த விவரம் வேண்டாம். தூங்குகிறது என்றோ சாமி கூட்டிக்கொண்டது என்றோ சொல்லாதீர்கள். ஆறு வயதில் அதை அப்படியே எடுத்துக்கொள்வார்கள், அப்புறம் படுக்கப் பயப்படுவார்கள், இல்லை உங்களைச் சாமி எப்போது கூட்டிக்கொள்ளும் என்று கேட்பார்கள். "ஏன் பொய் சொன்னே?" என்பான். "அம்மாவுக்குச் சொல்ல அழுகையா வந்துச்சு" என்று சொல்லுங்கள், அதுதானே உண்மை. அரை மணி நேரத்தில் விளையாடப் போய்விடுவான், ராத்திரி திரும்பவும் முதலிலிருந்து கேட்பான், அடுத்த வாரமும் கேட்பான். ஒவ்வொரு முறையும் அதே பதிலைச் சொல்லுங்கள்.

கேள்வி: அபார்ட்மெண்டில் இருக்கிறோம். நாய் இறந்தால் எங்கே புதைப்பது? ராத்திரி நேரமானால்? (சென்னை வாசகர்)

பதில்: நாய் இருக்கும்போதே கேட்டிருக்கிறீர்கள், நல்லது. மாநகராட்சியின் கால்நடைப் பிரிவையும் உங்கள் டாக்டரையும் இப்போதே கேட்டு எண்ணைக் குறித்து வையுங்கள், அந்த நேரத்தில் தேட முடியாது. ராத்திரி என்றால் பருத்தித் துணியில் சுற்றி, ஏசி அறையில் பிளாஸ்டிக் விரித்துக் கிடத்தி, ஐஸ் பைகளைப் பக்கத்தில் வைத்தால் காலைவரை தாங்கும். சொந்த மண் இருந்தால் குறைந்தது நாலடி ஆழம், கிணறு, போர்வெல்லிலிருந்து தள்ளி. மேலாக வெட்டினால் தெருநாய்கள் தோண்டிவிடும். ஊசி போட்டு அனுப்பிய நாய் என்றால் இன்னும் ஆழம், அல்லது எரிப்பது நல்லது, அந்த மருந்து உடலிலேயே தங்கியிருக்கும், தோண்டித் தின்கிற பிராணியும் சாகும். பிளாஸ்டிக் பையோடு மட்டும் புதைக்காதீர்கள்.

கேள்வி: பார்வோ வந்து குட்டி எட்டு நாளில் போய்விட்டது. அது போன பத்தாம் நாள் தேரடியில் இன்னொரு குட்டி காலைச் சுற்றுகிறது. கொண்டுவந்தால் செத்ததுக்குத் துரோகம் மாதிரி இருக்கிறது. விட்டால் அதுவும் செத்துவிடும் போல. (திருநெல்வேலி வாசகி)

பதில்: துரோகத்தைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் உங்கள் வீட்டுத் தரையைப் பற்றிப் பேசவேண்டும். பார்வோ வைரஸ் லேசில் சாகாது. மண்ணிலும் தரை இடுக்கிலும் மாதக்கணக்கில், நிழலான ஈரமான இடத்தில் ஒரு வருடம்கூட, அப்படியே இருக்கும். சாதாரண பினாயிலுக்கு அது அசையாது. தரையை முதலில் சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவி, அப்புறம் துணி வெளுக்கும் திரவ பிளீச்சை ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிஷம் ஊற விடவேண்டும். அந்தக் குட்டியின் துணி, தட்டு, பாய் எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். தோட்ட மண்ணை ஒன்றும் செய்ய முடியாது.

அதனால் தேரடிக் குட்டியை நேராக உங்கள் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். நாய் இல்லாத வேறு ஒரு வீட்டில், தங்கையோ தோழியோ, கொஞ்ச நாள் விட்டுவைக்க முடியுமா பாருங்கள். ஆறிலிருந்து எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி, அப்புறம் மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் ஆகும்வரை. அதெல்லாம் முடிந்து டாக்டர் சரி என்று சொன்னபின் வீட்டுக்கு வரட்டும். அதுவரை நீங்களே போய்ச் சோறு வைக்கலாம், ஆனால் உங்கள் வீட்டுச் செருப்போடு போகவேண்டாம்.

இப்போது துரோகம். அது உங்கள் காலைச் சுற்றுகிறது, காரணம் பசி. செத்துப்போன குட்டியின் இடத்தை அது கேட்கவில்லை, அதற்கு அப்படி ஒரு இடம் இருந்ததே தெரியாது. ஒன்று மட்டும் செய்யாதீர்கள், பழைய பெயரையே வைக்காதீர்கள். நான் மணிக்குப் பிறகு வந்ததற்கும் மணி என்றே வைத்தேன், இரண்டு வருடம் அந்தப் பெயரைக் கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் வேறு ஒன்று திரும்பிப் பார்த்தது.

கேள்வி: என் பேத்தியைத் தெருநாய் கடித்து ஊசிக்கு அலைந்துகொண்டிருக்கிறோம். நீங்கள் நாய் செத்ததற்கு ஒரு பக்கம் ஒதுக்கி ஒப்பாரி வைக்கிறீர்கள். வெட்கமாக இல்லையா? (கும்பகோணம் வாசகர்)

பதில்: பேத்தி எப்படி இருக்கிறாள்? அரசு மருத்துவமனையில் தோலுக்குள் போடும் ஊசி என்றால் முதல் நாளைப் பூஜ்யமாக வைத்து 3, 7, 28 ஆகிய நாட்களில் போடவேண்டும். காயம் ஆறிவிட்டதே என்று அந்தக் கடைசி ஊசியை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள், விட்டுவிடாதீர்கள். ஆழமான கடி என்றால் காயத்தைச் சுற்றிப் போடும் எதிர்ப்புச் சீரமும் கிடைத்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் கோபத்தில் எனக்கு மறுப்பில்லை, குழந்தை பயமில்லாமல் தெருவில் நடக்க வேண்டும். ஆனால் கோபத்தை இந்தப் பக்கத்தில் எழுதியிருப்பவர்கள் மேல் காட்டாதீர்கள். தெருவிலிருந்து ஒன்றை எடுத்து, ரேபிஸ் ஊசி போட்டு, கருத்தடை செய்து, கதவுக்குள் வைத்துச் சோறு போட்டவர்கள் இவர்கள். ஒரு பெட்டை குறைந்தால் வருடத்துக்கு ஒரு டஜன் குட்டி குறையலாம். சென்னையில் விலங்கு நல அமைப்பான ப்ளூ கிராஸ்காரர்கள் 1964லேயே கருத்தடைதான் வழி என்று ஆரம்பித்தார்கள், அதை நாடு முழுவதற்கும் விதியாக்க 2001 வரை ஆனது, ஒழுங்காக நடத்த இன்னும் ஆகிக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றி உங்கள் நகராட்சிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், இதே சூட்டோடு. நகல் எனக்கும் அனுப்புங்கள், போடுகிறேன்.

கேள்வி: பதினான்கு வருடம் எங்களோடு இருந்த ராஜா போய்ப் பத்து நாளாகிறது. பதினாறாம் நாள் படையல் போடவேண்டும், படத்துக்கு மாலை போடவேண்டும் என்று என் அம்மா பிடிவாதமாக இருக்கிறார். சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள், நாய்க்குச் சடங்கு செய்கிற வழக்கமே நம்மில் இல்லை என்கிறார்கள். எங்களுக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. செய்யலாமா? படையலில் என்ன வைப்பது? (திருவண்ணாமலையிலிருந்து ஒரு குடும்பத்தார்)

பதில்: வழக்கமே இல்லை என்று சொன்னவரிடம் ஒரு கல்லைப் பற்றிச் சொல்லுங்கள். உங்கள் மாவட்டத்திலேயே, செங்கம் பக்கம் எடுத்தனூர் என்று ஓர் ஊர். மகேந்திரவர்ம பல்லவனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டில், அதாவது ஏழாம் நூற்றாண்டில் நட்ட ஒரு நடுகல் அந்த ஊருடையது. எருமைகளை மீட்கப் போய்ச் செத்துப்போன ஒரு வீரனுக்காக வைத்தது. கல்லில் வீரன் வில்லோடு நிற்கிறான், அவனுக்குப் பின்னால் ஒரு நாய். கோவிவன் என்னும் நாய், கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்லிலேயே வெட்டியிருக்கிறது. பாருங்கள், பெயரோடு! அந்தக் காலத்தில் எத்தனையோ ஆட்களின் பெயரே நமக்குக் கிடைக்கவில்லை, ஒரு நாயின் பெயர் 1,400 வருடமாக நிற்கிறது.

அது போதாது என்றால் கர்நாடகத்தில் மண்டியா பக்கம் ஆதகூர் கல். தக்கோலத்தில் சோழ இளவரசன் ராஜாதித்தன் யானை மேலேயே உயிரைவிட்ட அந்தப் போர் நடந்த காலத்தது, பத்தாம் நூற்றாண்டு. போரைப் பற்றிய சேதியும் அதில் உண்டு, ஆனால் செதுக்கியிருப்பது என்ன தெரியுமா, காட்டுப்பன்றியோடு மோதுகிற ஒரு நாய். காளி என்று பெயர். பன்றியும் செத்தது, காளியும் செத்தது. அதற்குக் கல் நட்டு, அந்தக் கல்லுக்குப் பூசை நடக்க நிலமும் விட்டிருக்கிறார்கள். நிலம் எழுதிவைத்தவர்களே கூச்சப்படவில்லை, உங்கள் அம்மா ஒரு முழம் பூ போடுவதற்கு என்ன கூச்சம்?

மந்திரம் சொல்ல ஆள் வரமாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள், ராஜாவுக்கு மந்திரம் புரியப்போவதில்லை. அம்மா விளக்கேற்றட்டும், அவன் படுக்கும் இடத்தைத் துடைத்துவிட்டு அங்கேயே இலை போடட்டும். பதினாறாம் நாள்தான் என்று இல்லை, எல்லாரும் வீட்டில் இருக்கிற நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்ன வைப்பது என்பதற்கு உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. தினமும் காலையில் டீக்கடைக்குக் கூடவே வந்து ஒரு பொறை வாங்கித் தின்பான், உடைத்துப் போட்டால் தொடமாட்டான், முழுசாகக் கொடுத்தால்தான் வாங்குவான் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பொறையை வையுங்கள், உடைக்காமல். படைத்த பிறகு தெருவில் மிச்சமிருக்கிற நாய்களுக்குப் போட்டுவிடலாம். கூடவே வடை பாயசமும் வைக்கப்போவதாகச் சொல்கிறீர்கள், அதை நீங்கள் சாப்பிட்டுவிடுங்கள். வெங்காயம் போட்ட வடை நாய்க்கு ஆகாது, ரத்தத்தைக் கெடுக்கும். பாயசத்தில் திராட்சை கிடக்கும், அதுவும் ஆகாது.